காரணம் எழுதும் கட்டம்

தொலைபேசியில் புகார் வாங்கும் பிரிவில் அவருக்கு 'மெத்தை' என்று பெயர். யார் எவ்வளவு அடித்தாலும் சத்தம் வராது. பதினைந்து வருடமாக ஊரார் வசவையெல்லாம் வாங்கி, ஒரு சொல் விடாமல் படிவத்தில் ஏற்றியவர். அடுத்த பிரிவுத் தலைவர் அவர்தான் என்று மேலாளரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் நிறுவனம் மனநல ஆலோசகருக்கென்று ஓர் அறை திறந்தது. போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு. அதில் காரணம் எழுத ஒரு கட்டம். மற்றவர்கள் விவரமானவர்கள், 'தலைவலி' என்று எழுதினார்கள். மெத்தைக்குப் புகாரைச் சுருக்கத் தெரியாது. 'போன் மணி அடித்தால் கை நடுங்குகிறது. வீட்டில் மகள் கூப்பிட்டால்கூடத் திட்டத்தான் போகிறாள் என்று தோன்றுகிறது' என்று முழுதாக எழுதி, மேலாளரிடமே கையெழுத்துக்கு நீட்டினார்.

ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். மெத்தைக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அடுத்த மாதம் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மேலாளரிடம் போய்க் கேட்டார்.

"உங்க நல்லதுக்குத்தாண்ணே. கை நடுங்குற மனுஷன் தலையில இன்னும் பாரத்தை ஏத்தினா பாவமில்லையா?"

"அப்போ போன் வேலையையாவது மாத்திக் குடுங்க சார்."

"அதெப்படிண்ணே? உங்கள மாதிரி யாரு பொறுமையா திட்டு வாங்குவா? உங்க குறையைக் குறிச்சு வச்சிருக்கேன், பாத்துக்கலாம்."

குறித்து வைத்தால் என்ன நடக்கும் என்று மெத்தைக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக அதே வார்த்தையைச் சொல்லித்தானே அவரும் எல்லோரையும் அனுப்பிவைத்தார். இடத்துக்குத் திரும்பினார். மணி அடித்தது. நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம். சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்."