ஏழாம் மேஜை பாக்யலட்சுமி எழுதிய ரிப்போர்ட்

பழுப்புக்கு இங்கிலீஷில் பிரவுன் என்று ஒரே பேர்தான் என்று தெரிந்தபோது பாக்யலட்சுமிக்கு அந்த பாஷை மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. அவளிடம் அதற்கு நாற்பது பேர் இருந்தன. வறுத்த தனியா, நனைந்த செம்மண், இரண்டாம் டிகாஷன், புளிக்கரைசல், ஆற்காட்டு மக்கன் பேடாவின் மேல்தோல். எதையும் அவள் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. கை தோலைத் தொட்டதும் பேர் தானாக வந்து நிற்கும்.

ஆம்பூருக்கு வெளியே, பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக ஏழாம் மேஜை அவளுடையது. ஆற்காட்டுப் பக்கம் கலவை என்கிற ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேலை, நிறம் பார்ப்பது. ஒரே தோலாக இருந்தாலும் முதுகுப் பக்கம் ஒரு மாதிரி சாயம் குடிக்கும், வயிற்றுப் பக்கம் வேறு மாதிரி குடிக்கும். வெட்டி வரும் துண்டுகளில் இடதுகாலுக்கு எது, அதே நிறத்தில் வலதுகாலுக்கு எது என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், டியூப்லைட் எல்லாத் தோலும் ஒரே நிறம் என்று சொல்லிவிடும். மேஜைக்கு அந்தப் பக்கம் நசீமுன்னிசா நிற்பாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு நானூறு ஜோடி சேர்ப்பார்கள். அந்த ஷூக்கள் கடல் தாண்டிப் போய், பாக்யா பார்க்காத ஊர்களில், பார்க்காத பனியில் நடந்தன. இடதுகாலும் வலதுகாலும் ஒத்துப்போகிறதே என்று அங்கே யாரும் குனிந்து பார்த்து மகிழ்ந்திருக்க மாட்டார்கள். ஒத்துப்போனால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதுதான் அந்த வேலை.

அதனால்தான் கடைசி இன்ஸ்பெக்ஷன் ரூமில் செக்கர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று கேட்டதும் அவளுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. அந்த ரூமில் நாற்காலி உண்டு. பெரிய வடக்கு ஜன்னல் உண்டு. அதைவிட, அங்கே பார்த்ததை எழுத வேண்டும். எழுதியது மெயிலில் போகும். எங்கோ ஒருவர் உட்கார்ந்து, ஆம்பூரில் ஒரு கண் என்ன பார்த்தது என்று படிப்பார். பதினோரு வருஷமாகப் பேசாமலிருந்த கண்ணுக்கு வாய் கிடைத்த மாதிரி இருக்கும்.

எழுத்து இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அவள் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள்.

புதன்கிழமைகளில் சாப்பாட்டுக்கு அப்புறம் கேன்டீன் மூலையில் வகுப்பு வைத்தார்கள். நடத்தியவள் ஹரிணி, ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இருபத்திரண்டு வயசுப் பெண். அவள் இவர்களை அக்கா என்பாள், இவர்கள் அவளை மேடம் என்பார்கள். முதல் வகுப்பிலேயே குவாலிட்டி மேனேஜர் ஜெயசீலன் வந்து பத்து நிமிஷம் பேசினார்.

"ரிப்போர்ட்ல நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். ரெண்டையும் சேர்க்கறதுக்குத்தான் பட், ஆல்தோ, ஹவெவர், வேராஸ் எல்லாம். இதை மட்டும் கத்துக்குங்க, போதும். ஷூ வாங்குற பையர் முழுசா படிக்க மாட்டான்மா. பட் எங்க இருக்குன்னு தேடுவான். அதுக்குப் பின்னாடி இன்னா இருக்குதோ அதைத்தான் படிப்பான்."

அவர் போனதும் நசீமுன்னிசா கேட்டாள்: "அப்ப முன்னாடி எழுதறதெல்லாம் சும்மா ஒப்புக்கா?"

சிரிப்பு அடங்க நேரமானது. நசீமுன்னிசா செக்கர் வேலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. வகுப்பில் ஃபேன் நன்றாகச் சுற்றும் என்பதற்காக வந்தாள்.

ஹரிணி கரும்பலகையில் எழுதி எழுதிச் சொன்னாள். ஆல்தோ என்று ஆரம்பித்த வாக்கியத்தின் நடுவில் மறுபடி பட் போடக்கூடாது. எல்லாரும் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

"ரெண்டுல ஒண்ணுதான்கா. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வரக்கூடாது."

"என் மாமியாரும் என் நாத்தனாரும் மாதிரி," என்றாள் நசீமுன்னிசா. "ஒரே அடுப்பாண்ட ரெண்டு பேரும் நிக்க மாட்டாங்க. எழுதிக்கோ பாக்யா, மறக்காது."

பாக்யா எழுதிக்கொள்ளவில்லை. அவள் வேறெங்கோ இருந்தாள். அவள் புருஷன் தணிகைவேல் இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். கல்யாணமான புதுசில் ஏலகிரிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவளை முன் சீட்டில் உட்கார வைத்து மலைமேல் கூட்டிப்போனான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தான். ஆல்தோ அந்த ஹாரன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வாக்கியம் தொடங்கும்போதே, இதோ திரும்பப் போகிறேன், பிடித்துக்கொள் என்கிறது. தமிழில் மழை பெய்தாலும் என்று வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வருகிற ஒன்று, இங்கிலீஷில் முன்னால் ஓடிவந்து சத்தம் போடுகிறது. பட், ஹாரன் இல்லாத வளைவு. ஹவெவர், வண்டியை நிறுத்தி, இறங்கி டீ குடித்துவிட்டு, அப்புறம் திரும்புவது. வேராஸ் மட்டும் வளைவே இல்லை. இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் பாறை. ஒன்று மற்றொன்றைத் திட்டாமல், மறைக்காமல், இரண்டும் கூடவே வருகின்றன. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மேஜையில் இடது துண்டும் வலது துண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதுபோல் இருந்தது.

அதற்கப்புறம் அவளுக்கு எல்லாமே அந்த நாலு வார்த்தைகளாக ஆயிற்று. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, ஆறு என்று பேர் இருந்தாலும் மணல்தான் என்பாள். தணிகைவேல் ரசம் நல்லாருக்கு என்றால், பட் எங்கே என்று காத்திருப்பாள். மேஜையில் கை தோலைப் புரட்டிக்கொண்டிருக்க, உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஐப்பசியில் ஒரு மேகமூட்டமான நாளில், கரண்ட் போய்ப் போய் வந்த மத்தியானத்தில், அவள் மனசுக்குள் இன்ஸ்பெக்ஷன் ரூம் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியே வெளிச்சம் விழுகிறது, கையில் பேனா. நசீமுன்னிசா மேஜையைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

"இன்னாடி, எந்த ஊர்ல இருக்கே?"

"இங்கதான்கா."

"கை இங்க இருக்குது. மீதி?"

அடுத்த வாரம் பரீட்சை. செக்கர் இடத்துக்கு மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: பாக்யாவும், பேக்கிங்கிலிருந்து சாமுவேலும். இன்ஸ்பெக்ஷன் ரூமில் ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போகிற சரக்கிலிருந்து எடுத்தது, பெட்டிக்குப் பத்து ஜோடி. பார்த்து, ஐந்து வரி எழுத வேண்டும். ஒரு மணி நேரம். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் நிறையச் சாம்பல் வெளிச்சம்.

நாற்காலி அவள் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயரம். கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஏதோ மிதப்பதுபோல.

ஒவ்வொரு ஜோடியாக எடுத்தாள். தையல் உறுதி. அடிப்பாகம் நன்றாக ஒட்டியிருந்தது. நாலாவது ஜோடியை எடுத்ததும் கை நின்றது. இடதுகால் நனைந்த செம்மண். வலதுகால் வறுத்த தனியா. டியூப்லைட்டின் கீழே கொண்டுபோனால் இரண்டும் பிரவுன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் இரண்டும் இரண்டு ஊர். ஒன்பதாவது ஜோடியும் அதேபோல, அங்கே ஒன்று புளிக்கரைசல், மற்றது டிகாஷன்.

பெட்டியின் உள்ளே இருந்த சீட்டைத் திருப்பினாள். தேதி, போன வாரத்து மேகமூட்டமான நாள். மேஜை எண், ஏழு.

அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். இதே நாற்காலியில்.

மழைச் சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்டது. சாமுவேல் தாளின் மேல் குனிந்து கடகடவென்று எழுதிக்கொண்டிருந்தான். இந்த வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் அவள் கண்ணைத் தவிர வேறு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஜெயசீலனுக்குக்கூட. எழுதாமல் விட்டால் நாற்காலி அவளுடையது. எழுதினால், ஏழாம் மேஜை தப்புப் பண்ணியது என்று தன் கையாலேயே எழுதுகிறாள். மேஜையே ஒழுங்காகப் பார்க்காதவளை யார் செக்கராகப் போடுவார்கள்? அதோடு நசீமாக்காவுக்கும் சேர்த்து மெமோ வரும். நடுவில் ஒரு வழியும் இருந்தது. நிறத்தில் சின்ன வித்தியாசம் உண்டு, பட் தையல் மிக உறுதி என்று எழுதலாம். பொய் இல்லை. படிப்பவர் மனசில் தையல்தான் நிற்கும்.

அப்படி ஒரு வரி எழுதினாள். எழுதிப் பார்த்தாள். யாரோ ஒரு ஊரில் பனி விழுகிற வாசலில் ஒருவர் குனிந்து லேஸ் கட்டுகிறார். காலை வெயில் வருகிறது. இரண்டு காலையும் பார்க்கிறார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அவள் வேலையைப் பார்க்கிறார்.

அந்த வரியை அடித்தாள்.

அடுத்து எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். தையல் உறுதி, அடிப்பாகம் உறுதி, பட் நாலாவது ஜோடியிலும் ஒன்பதாவது ஜோடியிலும் இடது வலது நிறம் சேரவில்லை. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் தனித்தனி. இவற்றைச் சேர்த்தவள் நான்.

மூன்று வரிதான். நான் என்பதற்கு இங்கிலீஷில் ஒரே எழுத்து என்பது அப்போது அவளுக்கு வசதியாக இருந்தது.

தாளைக் கொடுத்ததும் ஜெயசீலன் படித்தார். ஷூவைத் தூக்கி லைட்டில் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"மேகம் விலகட்டும் சார்."

"ஐஞ்சு வரி கேட்டேன், மூணுதான் இருக்குது. இன்னும் இருபது நிமிஷம் கீது. உட்கார்ந்து எழுது."

"எழுதறதுக்குப் பதிலா மீதிப் பெட்டியைத் திறக்கவா சார்? அன்னிக்கி கரண்ட் போய்ப் போய் வந்த நேரத்துல எங்க மேஜையில போனது ஆறு பெட்டி."

"இது டெஸ்டுமா. அந்த லாட்டு பாஸ் ஆயிடுச்சு."

"தெரியும் சார். ஆனா..." என்று நிறுத்தினாள். அதற்குப் பின்னால் சொல்வதற்கு அவளிடம் ஷூதான் இருந்தது. அதை நீட்டினாள்.

அவர் ஷூவை வாங்கி ஜன்னலோரம் வைத்தார். அப்புறம் போனில் யாரிடமோ பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். நசீமுன்னிசாவையும் கூப்பிட்டார்கள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் சீட்டைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தாள்.

"அல்லாவே! நான்தான் அன்னிக்கே கேட்டேனே, மீதி எங்கேன்னு."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஒரே அளவில், ஒரே மாதிரி, அறுபது ஜோடி ஷூ. ரெண்டு மணிக்கு மழை விட்டது. வடக்கு ஜன்னலில் வெளிச்சம் யாரோ துணியை விலக்கினாற்போல் வந்தது. தரையெல்லாம் ஒரே பழுப்பு பிரிந்து பல பழுப்பானது. புளிக்கரைசல் ஒரு பக்கம், டிகாஷன் ஒரு பக்கம், செம்மண் ஒரு பக்கம். ஜெயசீலன் "அட" என்று மட்டும் சொன்னார்.

"உன்னோட செம்மண்ணு இங்க கீது," என்று மூன்றாம் பெட்டியிலிருந்து நசீமுன்னிசா ஒரு வலதுகாலை எடுத்து நீட்டினாள். பாக்யா தன் இடதுகாலின் பக்கத்தில் வைத்தாள். சேர்ந்தது. தனியாவின் துணை ஐந்தாம் பெட்டியில் இருந்தது. மொத்தம் ஏழு ஜோடி தப்பு. ஒரு ஷூகூட வீணாகவில்லை. கை மாறிப் போனவை தம் தம் துணையோடு திரும்பிப் போயின. கடைசி ஜோடியை மூடியபோது பரீட்சை முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. சாமுவேல் தன் தாளைக் கொடுத்துவிட்டு எப்போதோ போய்விட்டான். அதில் ஐந்து வரி, நாலு வார்த்தையும் இடம் தவறாமல் இருந்தன என்று ஹரிணி அப்புறம் சொன்னாள். சொல்லும்போது பாக்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு தாள்.

முதல் தாள் மெமோ. கவனக்குறைவால் ஏழு ஜோடி தவறாகச் சேர்த்ததற்கு மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். அவள் பேர் மட்டும் இருந்தது, நசீமுன்னிசாவின் பேர் இல்லை. இரண்டாவது தாள், திங்கள்கிழமை முதல் மூன்று மாதத்துக்கு இன்ஸ்பெக்ஷன் ரூமில் செக்கராகப் பார்க்கச் சொல்லும் ஆர்டர். இரண்டிலும் ஜெயசீலனின் ஒரே கையெழுத்து. ஒன்றில் மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட் இல்லை, ஆல்தோ இல்லை. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஏழாம் மேஜைக்குப் போய்க் காட்டினாள். நசீமுன்னிசா மெமோவைத்தான் முதலில் படித்தாள், அப்புறம் அடுத்ததை.

"போறியா?"

"போறேன்கா."

"போ போ. என் முன்னாடி இனிமே எவ வந்து நிப்பாளோ. வாயே தொறக்காத ஒருத்தி வந்தா நான் இன்னா பண்றது." தோலில் குறி போடுகிற வெள்ளிப் பேனாவை மூடித் திறந்து மூடினாள். "தப்பா சேர்த்து அனுப்பினா நீதான் ரிப்போர்ட் எழுதுவியா என் மேல?"

"எழுதுவேன்கா."

"எழுதுவே, எழுதுவே," என்றாள் நசீமுன்னிசா. கன்னத்தைக் கிள்ளினாள், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே.

பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து தணிகைவேலிடம் இரண்டு தாளையும் பற்றிச் சொன்னாள்.

"அப்ப இன்னா, சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்."

"ரெண்டும் எப்பிடி?"

அவள் விளக்கக் கடிதத்தின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழையில் நனைந்த வயல் ஓரம், காய்ந்த வரப்பு, தோல் ஏற்றிய டெம்போ, மலை. நாற்பத்தொன்றாவதாக ஒரு பழுப்பு கண்ணில் பட்டது. அதற்குப் பேர் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒரு வளைவை நெருங்கியது. தணிகைவேல் ஹாரன் அடித்தான். அவள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.