என் பாட்டின் கீழே அவர் பெயர்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக் கிறிஸ்தவக் கோவிலில் கீபோர்டு வாசிப்பது நான். எங்கள் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மண் அடைத்து, இறால் வரத்து நின்றுபோன வருஷம், ஒரு ஜெபப் பாட்டு எழுதி மெட்டமைத்தேன். நான்கு குரலுக்கும் தனித்தனியாக, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் போட்டேன்.

பொன்னேரிப் பக்கம் பெரிய பாடகர் குழு நடத்தும் மாஸ்டர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "சூப்பரா கீதும்மா, ஷீட்டை அனுப்பு, எங்க பசங்களும் பாடட்டும்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அனுப்பினேன்.

சில மாதம் கழித்து, எங்கள் குழு பாடிய வீடியோவை இணையத்தில் போட்டேன். போட்ட கையோடு நீக்கிவிட்டார்கள். காப்புரிமைப் புகாராம். புகார் கொடுத்தவர் அதே மாஸ்டர். அவருடைய தளத்தில் போய்ப் பார்த்தால் என் ஷீட் அப்படியே இருக்கிறது. என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர். 'அனுமதியின்றிப் பகிரக் கூடாது' என்று ஒரு வரி வேறு.

போன் செய்தேன்.

"பாட்டெல்லாம் கர்த்தருக்குச் சொந்தம்மா. பேர்ல இன்னா கீது?" என்றார்.

"அப்ப உங்க பேரை எடுத்துட்டு கர்த்தர் பேரைப் போடுங்க சார்."

வைத்துவிட்டார்.

வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த நைனா, "வுடும்மா, போனது போச்சு" என்றார். நான் விடுவதாக இல்லை. காப்புரிமை பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எங்கேயும் பதிந்திருக்க வேண்டியதில்லை, எழுதிய கணமே அது எழுதியவருக்குச் சொந்தம் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. அவர் பேசி அனுப்பியதையும், மெட்டுப் போடும்போது நான் பாடிப் பதிந்ததையும் சேர்த்து எதிர்ப்புகாரும், அவர் தளத்தின் மேல் ஒரு புகாரும் அனுப்பினேன். எங்கள் வீடியோ திரும்பி வந்தது. அவர் போட்ட ஷீட் போனது.

அது போதவில்லை. அவர் தளத்தில் இருந்த மற்றப் பாட்டுகளையும் துருவினேன். தெற்கே இருவரின் பாட்டுக்கும் இதே கதி. அவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர்களும் புகார் கொடுக்க, தளமே முடங்கியது.

அப்புறம்தான் மாஸ்டர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். கருவாடு காயும் மணலில் ஷூ புதைய நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"புகாரை வாபஸ் வாங்கிக்கம்மா. எம் மானம் போவுது."

"உங்க கோவில்ல, மைக்ல, இது யார் பாட்டுனு சொல்லுங்க. அப்பால பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் மைக்கில் முணுமுணுத்தார். எழுந்து நின்று, "சார், கேக்கலை" என்றேன். மறுபடி சொன்னார், என் பெயரோடு. சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. வாசலில் அந்தக் கோவில் பாஸ்டர், "மன்னிச்சுடும்மா" என்றார். நான் தலையாட்டவில்லை. புகாரை வாபஸ் வாங்கவும் இல்லை.

இப்போது அந்த ஷீட்டை நானே இலவசமாகப் போட்டிருக்கிறேன். என் பெயரை அழிக்காமல் யாரும் பாடலாம், பகிரலாம். அவர் மட்டும் என்னைக் கேட்க வேண்டும். போன ஈஸ்டருக்கு அனுமதி கேட்டுச் செய்தி அனுப்பினார். திறந்து படித்தேன். நீல டிக் அவருக்குத் தெரிந்திருக்கும். பதில் போடவில்லை.