குங்குமம் வைத்த ஒயின் போத்தல்

எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. வாயால் வந்த சண்டைக்குக் கணக்கில்லை. கையால் வந்த வினை ஒன்றே ஒன்றுதான். ஓர் ஒயின் போத்தலைக் கழுவினேன்.

மலாயாவில் எமர்ஜென்சி காலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் தோட்டத்துத் துரைமாரைச் சுட்ட காலம். மந்தின் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் பங்களாவுக்கு நான் சமையல்காரி. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்களா அடுப்படிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் எனக்கு வீடு. வேலை போனால் அந்த அறையும் போய்விடும். சுற்றிலும் மணல் மூட்டை, முள்கம்பி வேலி, துப்பாக்கியோடு காவல். துரை ரப்பர் காட்டுக்குப் போவதே இரும்புத் தகடு அடித்த வண்டியில்தான்.

அந்தப் போத்தல் சாமான் அறையின் அடித்தட்டில் படுத்துக் கிடக்கும். பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு ஒயின். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: தொடாதே, நிமிர்த்தாதே, தூசி தட்டாதே. தூசிக்குக்கூட மரியாதையா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

விவரம் சொன்னவர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. துரையின் சம்சாரம் துரைசாணி பிறந்த வருஷத்தில் வடித்த ஒயினாம். அவருடைய அப்பா பத்திரமாக வைத்திருந்து கல்யாணத்துக்குக் கொடுத்தாராம். அந்த வருஷத்துச் சரக்கு இனிமேல் கிடைப்பது குதிரைக்கொம்பாம். பெடாஸ் ரோட்டில் ஒருநாள் துரைசாணி போன வண்டியைச் சுட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த கப்பலிலேயே துரை அவரைச் சீமைக்கு அனுப்பிவிட்டார். அதெல்லாம் நான் பங்களாவுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. துரைசாணி திரும்பி வரும் நாளில்தான் போத்தலைத் திறப்பது என்று துரை வைராக்கியமாக இருந்தார்.

எனக்கு இது புரியவே இல்லை. நான் பார்த்த குடி கள்ளுதான். காலையில் இறக்கியது சாயங்காலம் புளித்துவிடும் என்று, வேலை விட்டதும் எங்கள் ஆட்கள் கள்ளுக்கடைக்கு ஓட்டமாய் ஓடுவார்கள். குடிக்காமலேயே வருஷக்கணக்காக வைத்திருக்கும் குடியும் உண்டா? பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் வந்தால் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நேராகச் சாமான் அறைக்குத்தான் போவார்கள். டார்ச் அடித்து, குனிந்து லேபிளைப் படிப்பார்கள். தொட ஒருவருக்கும் தைரியம் வராது. கும்பிடாததுதான் பாக்கி.

துரைசாணி கப்பல் ஏறி மூன்று வருஷம் கழித்து, அவர் திரும்பி வருவதாகக் கடிதம் வந்தது. அதே வாரம் ஆயுத பூஜை. லயத்தில் பால்வெட்டுக் கத்தி, சைக்கிள், லாரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். காவல்காரர்களின் துப்பாக்கிக்குக்கூடப் பொட்டு. நான் அம்மிக்கும் அரிவாள்மனைக்கும் வைத்து முடித்தேன். அப்போதுதான் தோன்றியது, இந்த வீட்டிலேயே ஒசத்தியான பொருள் ஒட்டடையோடு கிடக்கிறதே, வருகிறவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று. துரை சிரம்பான் டவுனுக்குப் போயிருந்தார். போத்தலை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். லேபிள் வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது. மக்கிப்போன காகிதம்தானே என்று அடுப்பில் போட்டேன். பளபளவென்று துடைத்து, பொட்டு வைத்து, ஒரு செம்பருத்தியும் செருகி, மேசை நடுவில் நிமிர்த்தி வைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை!

துரை வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"காகிதம் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன் தொரை."

"அதுலதான் அவங்க பொறந்த வருஷம் இருந்துச்சு."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். எனக்கு வேலை உண்டா இல்லையா என்று துரைசாணி வந்து முடிவு சொல்லட்டும் என்றார். அவர் வருவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. தகரப் பெட்டியில் துணிமணியை அடுக்கி, அவர் வரும் அன்று பங்களா வாசலில் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷி, முன்தலையில் நரை. துரை வாயைத் திறப்பதற்குள் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். துரை அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் போத்தலைக் கையில் எடுத்து, காய்ந்த குங்குமத்தை விரலால் தொட்டார். இது எதற்கு என்று கேட்டார்.

"எது இல்லாம பொழப்பு இல்லையோ, அதுக்குத்தாம்மா வெப்போம்," என்றேன்.

துரை அதையும் இங்கிலீஷில் சொன்னதும், துரைசாணி நிமிர்ந்து துரையைப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த என் பெட்டியைக் காட்டி, உள்ளே கொண்டுபோய் வைக்கும்படி சைகை செய்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே திறந்தார்கள். தக்கை வெளியே வந்ததும் அந்த வாடை எனக்குத் தெரிந்துவிட்டது. பொழுது சாய்ந்த கள்ளின் வாடை. துரை ஒரு வாய் குடித்தார், முகம் சுருங்கியது. ஐயோ, நான் நிமிர்த்தி வைத்ததால் கெட்டுவிட்டதா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

துரைசாணி மெதுவாக ஏதோ சொன்னார். துரை என் பக்கம் திரும்பாமலே அதைத் தமிழில் சொன்னார்:

"ஒன்னால இல்லையாம். இந்த ஊரு சூட்டுல எப்பவோ புளிச்சிருச்சாம். தான் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் குடிச்சிருக்கணும்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டு மீதியை ஒரே மடக்கில் குடித்தார். துரைசாணியும் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டார். இரண்டு பேரும் அந்தப் புளிப்பை முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கள்ளுக்கடையிலிருந்து அரைப் போத்தல் கொண்டுவருவார். வாசற்படியில் உட்கார்ந்து, "வா புள்ள, ஒரு வாய் குடிச்சுப் பாரு," என்பார். குடிகார மனுஷா என்று வைதுவிட்டு நான் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன். ஒருநாள்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பாவி நான்.

அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்துங்கம்மா," என்றேன்.