கண்ணாடிக்குள் எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவு

இன்று கொச்சி மட்டாஞ்சேரியில் டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவைப் பார்த்தேன்!

ஆமாம், கக்கூஸ் கதவுதான். ஓவியக் கண்காட்சியில், கண்ணாடிக்குள்.

பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டு வேறு! (தொடச் சொன்னாலும் தொடமாட்டேன். அந்த வம்சத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.)

கதையைக் கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் கொச்சங்காடியில் ஒரு குடோனுக்குப் பின்னால் குடியிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா முத்து, சுவரில் எழுதுகிறவர். சிவப்புக் கட்சி, பச்சைக் கட்சி, தையல் கடை, மூல வைத்தியர், யார் கூப்பிட்டாலும் போவார்.

சாயங்காலம் வந்ததும் பிரஷ்ஷில் மிச்சமிருக்கும் பெயின்டை எங்கேயாவது துடைக்க வேண்டுமே? வீட்டுச் சுவரில் துடைத்தால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். அதனால் தெருவைப் பார்த்திருந்த கக்கூஸ் கதவில் துடைப்பார். பன்னிரண்டு வருஷமாக!

ஒருநாள் காலை ஒரு சாயிப்பு (வெள்ளைக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றார். பத்து நிமிஷமாகியும் அசையவில்லை.

உள்ளே அம்மா!

"ஏட்டி, யாரது வாசல்ல? போவச் சொல்லு!"

"சாயிப்பும்மா! கதவையே பாக்காரு!"

"கதவுல என்ன எளவு இருக்கு பாக்கதுக்கு?"

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு ஹம்சாக்கா (அக்கா இல்லை, ஹம்சா இக்கா; இக்கா என்றால் இங்கே அண்ணன்) வந்தார். பழைய தூண், பழைய பெட்டி எல்லாம் வாங்கி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கும் கடைக்காரர்.

"அண்ணாச்சி, இந்தக் கதவு சாயிப்புக்கு வேணும். இது கதவல்ல, கலையாக்கும்! இதோட அர்த்தம் எந்தாணுன்னு கேக்கறார்."

"பிரஷ்ஷ தொடச்சேன்னு சொல்லும்."

ஹம்சாக்கா இரண்டு நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். சாயிப்புக்குக் கண் கலங்கிவிட்டது!

அப்பா பயந்துபோய், "என்னத்தவே சொன்னீரு?" என்றார்.

"ஜனங்களோட கண்ணீரைத் துடைச்சேன்னு சொன்னீங்கன்னு சொன்னேன். பேசாம நில்லுங்க அண்ணாச்சி!"

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "கொண்டுட்டுப் போங்க. ஆனா ஞாயித்துக்கெழமைக்குள்ள புதுக் கதவு வந்தாவணும். ஆலுவாலேருந்து பொண்ணு பாக்க வாராங்க."

பொண்ணு நான்தான்! மாப்பிள்ளையை ஏற்கெனவே கலூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கக்கூஸுக்குக் கதவில்லாத வீடு என்று திரும்பிப் போய்விட்டால்?

வியாழக்கிழமை புதுக் கதவு வந்தது. கூடவே ஹம்சாக்காவும் வந்தார்.

"அண்ணாச்சி, இதிலேயும் துடைச்சுத் தாங்க. சாயிப்பு இன்னொண்ணு கேக்கறார். உங்களுக்கு வேற கதவு தரேன்."

அப்பா குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு பிரஷ் துடைக்க உட்கார்ந்தார்!

"தொடைக்கதுக்கு எதுக்கு இஸ்திரிச் சட்ட?" என்றாள் அம்மா.

"சும்மா கெட. கலையாம்லா!"

இரண்டு நாள் துடைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு, நாலு பக்கமும் பார்டர். கடைசியில் மூலையில் 'முத்து' என்று கையெழுத்து, மு-வின் வாலை நன்றாக நீட்டி. ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய மனுஷர், தன் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை சாயிப்பு வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"டூப்ளிகேட்!"

அதே கை, அதே பிரஷ், அதே பெயின்ட்! எனக்கு வந்த கோபத்தில் அந்தாளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

அவர் முதல் கதவோடு கப்பலேறிவிட்டார். ஹம்சாக்கா இரண்டாவது கதவை முணுமுணுத்துக்கொண்டே தன் குடோனுக்குத் தூக்கிப் போனார்; தருவதாகச் சொன்ன வேறு கதவு வரவேயில்லை. அப்பா வெறும் வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"ஏட்டி, நானே எனக்கு டூப்ளிகேட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிறு. கக்கூஸ் வாசலில் சாக்குத் தொங்குகிறது. ஆலுவாக்காரர்கள் வந்தார்கள், பழம்பொரி தின்றார்கள், சாயா குடித்தார்கள். (சாயாதான் வில்லன்!) மாப்பிள்ளையின் அம்மா என் காதில் சொன்னார்.

"பாப்பா, பின்பக்கம் போவணுமே."

அப்பா பாய்ந்து ஒரு தகர போர்டைத் தூக்கி வந்தார். 'உங்கள் விலைமதிப்புள்ள வாக்குகளை' என்று மலையாளத்தில் பாதி எழுதியது. (யாருக்குப் போடவேண்டும் என்று இன்னும் எழுதவில்லை.) பட்டுப்புடவையோடு அதை வாசலில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக மாப்பிள்ளை பார்க்கிறார். மானம் கப்பலேறி சாயிப்புக்குப் பின்னாலேயே போய்விட்டது!

மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டு நேரம் கை ஆடாம நின்னிருக்கா! இந்தப் பொண்ணுதான்."

(வாக்கு விழுந்துவிட்டது!)

அப்படி அமைந்த மாமியார். அப்படி அமைந்த கல்யாணம். இன்று கண்காட்சியில் என் பக்கத்தில் நின்று "சாயா எங்க கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த மாப்பிள்ளைதான்.

கண்ணாடிக்குள் இருந்த கதவை உற்றுப் பார்த்தேன். ஸ்கேல் கோடு. பார்டர். அடப்பாவிகளா, இது அந்த 'டூப்ளிகேட்' கதவு!

கீழே எழுதியிருக்கிறார்கள்: 'பெயர் தெரியாத தெருக்கலைஞர். அசல் படைப்பு. மூலையில் இருப்பது பறக்கும் கொக்கு, விடுதலையின் குறியீடு.' அந்தக் கொக்குப் படம் போட்ட துணிப்பை வாசலில் விற்பனைக்கு!

வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன்.

"மோளே, அது கொக்கு இல்ல."

"ஆன்ட்டி, பெரிய பெரிய ஆளுங்க ரிசர்ச் செஞ்சு எழுதினதாக்கும்."

"எனக்கு ரிசர்ச் தெரியாது. தமிழ் படிக்கத் தெரியும். அது முத்து. எங்க அப்பா."

முழுக் கதையையும் சொன்னேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்போ ஆன்ட்டி, இது டூப்ளிகேட்டா?"

"மத்தது வெறும் பிரஷ் தொடச்சது. இதுதான் எங்க அப்பா வரஞ்சது. ஒரிஜினல்னே எழுதி வையி."

கொக்குப் பை ஒன்று வாங்கிக்கொண்டேன். நாளை மீன் வாங்கப் போகும்போது அப்பாவும் கூட வருவார்.