ஃபேன் சுற்றியும் ஓடாத கம்ப்யூட்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் ஹாரன் ஸ்பீக்கர் பெட்டிகளில் நம்பர் போடத்தான். எழுத்துப் பிழை கண்டிப்பாக இருக்கும்; வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். இதை நேரில் சொல்லச் சொன்னால் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் மைக் செட் வைத்திருக்கிறேன். மைக் செட்காரனுக்குக் கூச்சம் என்றால் சிரிப்பார்கள். மற்றவர்கள் மேடையேறி "ஹலோ, ஹலோ" என்று மைக்கைச் சோதிப்பார்கள். நான் நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் என் செட்தான். தேவாரம், அனுமந்தன்பட்டி என்று சுற்றுப்பட்டியிலிருந்து சனம் வரும். அந்தக் கொடியேற்றத்திலும் சப்பரத்திலும் கேட்கிற சத்தத்தை வைத்துத்தான், காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வார்கள். திருவிழா கையை விட்டுப் போனால் மற்றதெல்லாம் தானாகப் போய்விடும். அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

2005 திருவிழாவில் சப்பரம் வடக்குத் தெருவில் திரும்பும்போது கேசட் நாடா சிக்கிக்கொண்டது. பாட்டு அழுகிற மாதிரி இழுத்து, பிறகு நின்றே போனது. கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாடாவை உருவினேன். விழாக் கமிட்டியின் தலைவர் எனக்கு முறைக்கு மாமா. மறுநாள் வீட்டுக்கு வந்து பக்குவமாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம் கேசட் வேண்டாம், கம்ப்யூட்டரில் பாட்டுப் போட வேண்டும், கம்பம் டவுன் செட்காரர் ஒருவர் அப்படித்தான் போடுகிறாராம், என்னால் முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். முடியும் என்று ஆட்டினேனா, முடியாது என்றா, அவருக்குப் புரிந்திருக்காது.

என் ஆம்ப்ளிபையர்கள் எல்லாம் நானே சாமான் வாங்கிப் பூட்டியவை. சப்பரம் போகிற நேரத்தில் ஒரு பெட்டி நின்றுபோனால், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் கை போகும். அதனால் கம்ப்யூட்டரையும் நானே பூட்டுவது என்று முடிவு செய்தேன். அடுத்த ஆடி மாதம் தேனிக்குப் போய், ஒரு கடையில் சாமான்களைத் தனித்தனியாக வாங்கினேன். கவுன்டரில் ஒரு பெண் இருந்தார், என்னைவிட வயதில் இளையவர். கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார். வேண்டாம் என்று கையை அசைத்தேன். பாட்டுகளையும் மற்ற வேண்டியதையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சந்தேகம் வந்தால் போன் பண்ணுங்கள் என்று அட்டையில் நம்பர் எழுதித் தந்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பண்ண மாட்டேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

பூட்டுவது பயந்த அளவு இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் பொந்தில்தான் போகிறது, மாற்றிச் செருகினால் போக மறுக்கிறது. ஃபேன்களில்தான் யோசனை வந்தது. பிராசசர் என்கிற தலைமைச் சில்லின் மேல் ஒரு ஃபேன், பெட்டியின் முதுகில் ஒரு ஃபேன். பிராசசர் ஃபேனிலிருந்து நூல் மாதிரி மூன்று வயர் வந்து ஒரு சின்ன பிளக்கில் முடிந்தது. போர்டில் அதற்கென்று மூன்று ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எது நிற்கவே கூடாதோ அதற்கு டைரக்ட் கொடுத்துவிடுவோம். நடுவில் சுவிட்சோ சொருகலோ இருக்கக் கூடாது. ஆம்ப்ளிபையரைக் குளிர வைக்கிற ஃபேனுக்கு நான் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்திருப்பேன். ஒரு கல்யாண வீட்டில் யாரோ தெரியாமல் சுவிட்சைத் தட்டி, ஃபேன் நின்று, பெட்டி கருகிய பிறகு வந்த பழக்கம் அது. பிராசசர் சூடானால் செத்துவிடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு முக்கியமான ஃபேனை இந்த ஊசியை நம்பியா விடுவது? பிளக்கை நறுக்கினேன். பவர் பெட்டியிலிருந்து வருகிற தடித்த வயரில் நேராக முறுக்கிப் பற்றவைத்தேன். முதலில் சிவப்புக்குச் சிவப்பு சேர்த்தேன், மெதுவாகச் சுற்றியது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். அங்கே மஞ்சளில்தான் முழு மின்சாரம் இருந்தது. மாற்றிக் கொடுத்ததும் சீறிக்கொண்டு சுற்றியது. ஃபேனின் வயரில் இரண்டு போக மூன்றாவது ஒன்று மிஞ்சியது. மூன்றாவது என்றால் எர்த். எர்த்தை நாங்கள் எந்தக் காலத்தில் கொடுத்தோம்? அதன் நுனியில் டேப்பைச் சுற்றி மடக்கி விட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். இரண்டு ஃபேனும் சுற்றின. ஊதுபத்தியைக் காட்டிப் பார்த்தேன், புகை பின்பக்கமாக ஒழுங்காக வெளியேறியது. திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு ஆங்கில வரி வந்தது. கீச்சென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகவே அணைந்தது.

திரும்பப் போட்டேன். அதே வரி, அதே கீச்சு. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் அந்த வரியில் ஒரு சொல் தெரிந்தது. சீலிங் ஃபேன் வாங்கும் அட்டைப் பெட்டியின் மேல் போட்டிருப்பார்களே, அதே மூன்று எழுத்து. ஃபேனைப் பற்றித்தான் புகார். காற்று போதவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

காற்றுத்தானே வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. பழைய ஆம்ப்ளிபையர்களிலிருந்து ஃபேன்களைக் கழற்றினேன். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டை அறுத்து அங்கே ஒன்று, மேல் தகட்டில் ஒன்று பூட்டினேன். எல்லாவற்றுக்கும் டைரக்ட். போட்டதும் அறையில் பேசினால் கேட்காத அளவு இரைச்சல். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டரு செய்யிறேன்னுட்டு நெல்லுத் தூத்துற மிசினு செஞ்சுட்டீகளா?"

அதே வரி வந்து பெட்டி அணைந்தது. மேஜை ஃபேனைக் கொண்டுவந்து எதிரில் வைத்தேன். அணைந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து ஆளைத் தள்ளுகிற நாள் அது. பெட்டியைத் தூக்கி ஜன்னலுக்கு நேராக வைத்து, கதவுகளை விரியத் திறந்தேன். பெட்டிக்குள் மண்தான் போனது. மறுநாள் காலை, ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்து தகடெல்லாம் குளிர்ந்திருந்த நேரத்தில் போட்டேன். அப்போதும் அதே வரி. அங்கேதான் எனக்கு உறைத்தது. சூடே ஆகாத பெட்டி சூட்டுக்காக அணையாது. இது காற்று விவகாரமில்லை.

அன்று பார்த்து மாமா வந்துவிட்டார். அறுத்த தகட்டையும், திசைக்கு ஒன்றாக முழிக்கிற ஃபேன்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள, கோவிச்சுக்கிறாத. கமிட்டியில கேக்குறாக. கம்பத்துக்காரருகிட்டச் சொல்லிரவா?"

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு இங்கன வாங்க மாமா," என்றேன். "அன்னைக்கும் பாடலேன்னா சொல்லிருங்க."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. பேசிய பிறகுதான் பயம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை, எனக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவர் போனதும் மனைவி வந்து நின்றாள். கடைக்காரம்மா போன் பண்ணச் சொன்னாகள்ல, பண்ணுங்க என்றாள். நம்பரைப் போட்டேன். அந்தப் பக்கம் மணி அடித்ததும் நிறுத்திவிட்டேன். இன்னொரு தரமும் அப்படியே. நான் பேசட்டுமா என்று கை நீட்டினாள். கொடுக்கவில்லை. எந்த வயரை எங்கே கொடுத்தேன் என்பது எனக்கல்லவா தெரியும். தரையில் சம்மணமிட்டு, ஃபேன் வயரைக் கையில் பிடித்து அதையே பார்த்துக்கொண்டு மூன்றாவது முறை போட்டேன். வயரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பேச முடிந்தது. செய்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். தகட்டை அறுத்ததையும் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அண்ணே, பிராசசர் ஃபேனுக்கு மூணு வயரு இருக்குமே. எத்தன குடுத்துருக்கீங்க?"

"ரெண்டுதான்."

"மூணாவது?"

"எர்த்துதானேன்னு மடக்கி விட்டுட்டேன்."

அவர் நிதானமாகச் சொன்னார்.

"அது எர்த் இல்லண்ணே. ஃபேன் சுத்துதா, எம்புட்டு வேகமாச் சுத்துதுன்னு போர்டுக்குச் சொல்ற வயரு. நீங்க அத விட்டுட்டீங்க. போர்டுக்குக் கண்ணா இருக்கு? ஃபேன் நின்னுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டு, பிராசசர் வெந்துறக் கூடாதேன்னு தானே அணைச்சுக்கிருது."

நறுக்கிவிட்டதால் புது ஃபேன் வாங்கிக்கொள்வது நல்லது, கடைக்கு வாருங்கள், எடுத்து வைக்கிறேன் என்றார். சரி என்று போனை வைத்தேன். ஆனால் போகவில்லை. நறுக்கிய பிளக்கை நான் தூக்கிப் போடவில்லை. எங்கள் தொழிலில் எதையும் தூக்கிப் போடுவதில்லை. தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். மூன்று வயரையும் அதனதன் நிறத்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். ஒன்றோடொன்று படாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சூடு காட்டினால் சுருங்குகிற பிளாஸ்டிக் குழாயைத் தனித்தனியாக மாட்டிச் சுருக்கினேன். ஊசி மாதிரி இடம் என்பதால் சால்டரிங்கைத் துளித்துளியாக வைத்தேன். பிளக்கைப் போர்டின் மூன்று ஊசியில் செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

கீச்சுச் சத்தம் வரவில்லை. அந்த வரியும் வரவில்லை. திரை கறுத்து, பிறகு நீலமாக விரிந்தது. பெட்டி அணையுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அணையவில்லை. மனைவி காபியை வைத்துவிட்டு, இதுக்கு இம்புட்டு ஃபேனு எதுக்கு, ரெண்டக் கழட்டி வீட்டுக்குள்ள மாட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். மேல் ஃபேனையும் பக்கவாட்டு ஃபேனையும் கழற்றினேன். அறுத்த ஓட்டைகளுக்கு எண்ணெய் டின் தகட்டை வெட்டி அடித்தேன். பார்க்க அழகாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வந்தார். மாதா பாட்டு ஒன்றைப் போட்டேன். பாதியில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். வேறு பாட்டுக் கேட்டார், அடுத்த நொடியே வந்தது. முதல் பாட்டையே விட்ட இடத்திலிருந்து கேட்டார், அதுவும் வந்தது. தகடு அடித்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். முழுப் பாட்டும் முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"போன வருசம் வடக்குத் தெருவுல சத்தமே பத்தலடா. அங்கன ஹாரன் ரெண்டு கூடக் கட்டிரு."

"கட்டிர்றேன் மாமா," என்றேன்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நான் ஹாரன்களை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

எழுதி முடித்தது: 21 நவம்பர் 2010, ஞாயிற்றுக்கிழமை.