காயாம்பூப் பூங்காவில் காயாம்பூ இல்லை

காலை ஐந்தரை மணிக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அன்றைக்கு எனக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போனது ஒரு செடியைப் பார்க்க. காயா என்று பெயர். காசாஞ்செடி என்றும் சொல்வார்கள். தண்ணீர் நிற்காத மணல்மேட்டில் ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும். வருடத்தில் சில நாட்கள் மட்டும், இலைகளுக்கு அடியில் கிளையை ஒட்டிக்கொண்டு நீலமாகப் பூக்கும். பெருமாளின் நிறத்தைச் சொல்ல நம்மவர்கள் தேர்ந்தெடுத்த பூ இது. நிறத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். செடியைக் காட்டச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். பள்ளியில் தாவரவியல் நடத்தும் நானே மூன்று வருடத்துக்கு முன்புதான் முதன்முதலில் பார்த்தேன். பாலாற்றுக்கு அக்கரையில், மாகறல் போகும் வழியில், ஒரு மணல்மேட்டில் தனியாக நின்றிருந்தது. சுற்றுவட்டாரத்தில் நான் எவ்வளவு தேடியும் இன்னொன்று அகப்படவில்லை.

ஏழே முக்காலுக்குக் காஞ்சிபுரம். பேருந்து நிலையத்தில் குமரேசன் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். பட்டு நெசவாளர், அவரிடம் ஒருமுறை புடவை வாங்கப் போய்ப் பழக்கமானவர். போன வருடம் பெருமாள் கோயில் ஒன்றுக்குக் காயாம்பூ நிறத்தில் பட்டு நெய்து தருவதாக ஒப்புக்கொண்டார். நான் செல்போனில் அனுப்பிய படத்தைச் சாயக்காரரிடம் காட்டி நூலுக்குச் சாயம் ஏற்றினார். பட்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பெருமாளுக்குக் கத்திரிப்பூக் கலரா?" என்று கேட்டுவிட்டாராம். பத்துப் பேர் எதிரில் கேட்டது குமரேசனுக்கு ஆறவே இல்லை.

"இந்தத் தடவ போட்டோ கீட்டோ வேணாம்மா. பூவாண்டையே நூலை வச்சுப் பாத்துட்றேன்" என்றார். சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றி ஐந்து மாதிரி இழைகள். ஒன்றுக்கொன்று நிறத்தில் ஒரு மாற்றுத்தான் வித்தியாசம். பறித்த பூ சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால், செடியில் இருக்கும்போதே காலை வெயிலில் இழையைப் பூவோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஓரிக்கை தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, நான்கு கிலோமீட்டர். மணல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. மேட்டைக் காணோம். சமமாக நிரவிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வாசலில் பளபளவென்று ஒரு பலகை: "காயாம்பூப் பூங்கா."

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளே போனால் வரிசை வரிசையாக நர்சரிச் செடிகள், ஊதா நிறத்தில் ஏதோ சீமைப் பூ. நம் செடி இருந்த இடத்தில் ஒரு குழி. வேலியோரம் வெட்டிப் போட்ட கிளைகள் ஒரு குவியல். குமரேசன் ஓடிப்போய் ஒரு கிளையைப் புரட்டினார். ஒட்டியிருந்த பூவெல்லாம் கரியாகக் கிடந்தது.

மேற்பார்வையாளர் பாஸ்கர் எங்களைப் பார்த்ததும் வந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"இந்தச் செடியை ஏன் வெட்டினீங்க?"

"புதரெல்லாம் வேரோட எடுத்துட்டு காயாம்பூச் செடி வைக்கணும்னு வேலை ஆர்டர்ல எழுதியிருக்குது மேடம். முந்தாநாள்தான் ஜேசிபி வந்துச்சு."

"வெட்டும்போது பூ இருந்துச்சா?"

"நல்லா பூத்துக்கினு இருந்துச்சு. பாக்கவும் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா புதர்தானே?"

"இதுதாங்க காயாம்பூ!"

கத்தியே விட்டேன். மனிதர் என்னை வினோதமாகப் பார்த்தார். "காயாம்பூன்றது பட்டுக் கலர் மேடம். எங்க மாமனார் வீட்டுல தறி இருக்குது, எனக்குத் தெரியாதா? அந்தக் கலர்ல பூக்குற செடியா வைக்கச் சொல்லியிருக்காங்கன்னு, அவரு வீட்டுல இருந்த காயாம்பூ நூலையே நர்சரிக்கு எடுத்துக்கினு போயி, பூவாண்ட வச்சுப் பாத்துத்தான் வாங்கினு வந்தேன்."

பட்டு நெய்யும் ஊரில்தான் இப்படியொரு தப்பு நடக்கும். பூவுக்கு நூல் தேடாமல் நூலுக்குப் பூ தேடியிருக்கிறார். அதையும் எவ்வளவு அக்கறையாக! நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பர்ஸிலிருந்து அந்த நூலை எடுத்து நீட்டினார். சின்னச் சுருள். அதில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: "காயாம்பூ."

குமரேசன் அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என் கையெழுத்துமா" என்றார். "போன வருஷம் மிச்சமான நூலு. பக்கத்துத் தெரு தறிக்காரர் கேட்டாருன்னு குடுத்தேன். அவருதான் இவரு மாமனாரா இருக்கணும். தப்புக் கலருன்னு தெரிஞ்சும் சீட்ட மாத்தாம வுட்டுட்டேன்."

அந்த நூல் என் படத்திலிருந்து பிறந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாஸ்கரைத் திட்டும் எண்ணத்தை விட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. பெயரைக் கொண்டாடப் பலகை எழுதியவர்கள், பெயருக்குரியது எது என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நெசவாளர்கள் நிறைந்த ஊர்; கோயிலும் பட்டரும் இருக்கிறார்கள்; என்னைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. செடியை மூன்று வருடமாகத் தெரிந்துவைத்திருந்த நானும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

குமரேசன் சீட்டில் "காயாம்பூ" என்பதை அடித்து, "கத்திரிப்பூ" என்று எழுதி பாஸ்கரிடமே திருப்பிக் கொடுத்தார். ஐந்து மாதிரி இழைகளைப் பிரிக்கவே இல்லை.

பதினோரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார். "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"சாயமே ஏத்தப் போறதில்லமா. வெள்ளையாவே நெய்து குடுக்கறேன். இன்னாப்பா இதுன்னு பட்டர் கேட்டா, காயாம்பூவ வெட்டிட்டாங்க சாமின்னு பெருமாள் எதிர்லயே சொல்லிட்றேன்."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை. யாரிடம் புகார் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு, நோட்டை எடுத்து மனு எழுத ஆரம்பித்தேன். அனுப்புநர் என்று போட்டு முகவரி எழுதினேன். நான் குடியிருப்பது மகிழம்பூத் தெரு. இருபது வருடமாக இருக்கிறேன். அந்தத் தெருவில் ஒரு மகிழமரம்கூடக் கிடையாது. தெருவுக்குப் பெயர் தந்த மரம் எப்போது போனது, யார் வெட்டினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.