பொழுது அடையாத பதினாறு மணி நேரம்

“…அப்போ கணக்கு சரிதானே அக்கா? காலையில ஒம்பது மணிக்கு ஏறியாச்சு. பதினாறு மணிக்கூர் ஓட்டம். எங்க பறந்தாலும் நடுவுல ஒரு பொழுது அடையாமலா போயிரும்? அங்கன வச்சு நோன்பு தொறந்திர வேண்டியதுதான்.”

பக்கத்து இருக்கையில் இருந்தவள் கோட்டாற்றுக்காரி. நான் அருமனைக்காரி. இரண்டு பேரும் முதல்முறையாகப் பிள்ளைகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போகிறோம். துபாயில் விமானம் மாறுகிற இடத்தில், பேச்சின் இழுவையைக் கேட்டே ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். சீட்டும் பக்கத்திலேயே அமைந்தது.

“சரிதான் மக்கா” என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பயணத்தில் நோன்பு வேண்டாம், மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது, பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று அவள் மகள் போனில் பலதடவை சொன்னாளாம். இவள் கேட்கவில்லை. “மெட்ராசுக்கு ரெயில்ல போனப்பவும் விடல்ல. உக்காந்து போறதுக்கு என்ன கேடு?”

எதிரே சின்னத் திரையில் பதிமூவாயிரம் கிலோமீட்டர் என்று காட்டியது. நாகர்கோவில் போகவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நெரிபடுகிற எனக்கு அது ஒரு எண்ணாகவே படவில்லை. திரையில் விமானப் பொம்மை மேற்கே திரும்பாமல், உலகத்தின் உச்சந்தலையைப் பார்த்து நேரே வடக்கே ஏறிக்கொண்டிருந்தது.

“டிரைவர் ஆரல்வாய்மொழி வழியா சுத்திப் போறாரு போல” என்றாள்.

சாப்பாடு வந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. “தின்னுங்க அக்கா. என் நோன்பு உங்க வயித்துலயா இருக்கு?” என்றாள். அந்தச் சொல்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எட்டு மணி நேரம் ஓடியிருக்கும். அவள் போனில் நம்மூர் நேரம் மாறாமல் கிடந்தது, ஆறரை தாண்டி. “பள்ளிவாசல்ல நோன்பு தொறக்கப் பாங்கு சொல்லியிருப்பாங்க” என்றவள், ஜன்னல் மறைப்பை நாலு விரல் உயர்த்தினாள். கீழே கண்ணுக்கெட்டியவரை பனி. பனிக்குமேல் ஒரு சாண் உயரத்தில் சிவந்த சூரியன். சின்ன டப்பாவைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

காத்திருந்தோம். சூரியன் கீழே போகவில்லை. வரப்பில் நடக்கிற ஆளைப்போல ஓரமாகவே நகர்ந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு சாண் இரண்டு சாணாகியிருந்தது.

அந்தப் பக்கம் வந்த பணிப்பெண் மலையாளத்துக்காரி. பொழுது எப்போது அடையும் என்று கேட்டதும் சிரித்தாள். உலகத்தின் உச்சியைத் தாண்டிவிட்டோம், இனி அடையாது, நீங்கள் பார்த்தது விடியல், இறங்கும்போது அங்கே அதே நாளின் மத்தியானம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடையப் போன பொழுது, அடையாமலே விடிகிறது. காலையில் துபாயில் பார்த்த அதே சூரியன், எங்களோடே வருகிறது.

பழம் அவள் கையிலேயே இருந்தது.

“பெத்த மவ சொன்னதைக் கேக்கல்ல” என்றாள் கடைசியில். “படைச்சவன் அதுக்கும் முன்னாடியே சொல்லி வச்சிருக்கான், பயணம்னா விட்டுக்கோன்னு. பிளேனே இல்லாத காலத்துல அவனுக்கு இது தெரிஞ்சிருக்கு பாருங்க. நான் ஆருகிட்ட வீம்பு காட்டுகேன்? பெறவு ஒண்ணு சேத்துப் புடிச்சுக்கிடுவேன்.”

முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். பழத்தைப் பிளந்து கொட்டையை டப்பாவில் போட்டாள். ஒரு பாதியை என் கையில் வைத்துவிட்டு, பிஸ்மி சொல்லி, சூரியனைப் பார்த்தபடியே மறுபாதியை வாயில் போட்டுக்கொண்டாள்.